ரீகோனா, உள்ளூர் வண்டியா? மலேசியாவில் ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளி நெருங்கினாலும் சரி, வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தாலும் சரி, இந்தப் பேச்சு வந்துவிடும். இங்கேயே தயாராகும் பெரோடுவா அல்சா போதுமா, இல்லை கொஞ்சம் இழுத்துப் பிடித்து ரீகோன், அதாவது ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியாகும் டொயோட்டா ஆல்ஃபார்ட் எடுத்துவிடலாமா? பலரும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வெள்ளி என்று வரும் இடமெல்லாம் ரிங்கிட்தான். சாலை வரி போன்ற கணக்குகள் தீபகற்ப மலேசியாவுக்கானவை.

உள்ளூர் வண்டி, இறக்குமதி வண்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடையில் இரண்டு வகை என்பார்கள், ஆனால் உண்மையில் நான்கு வகை இருக்கிறது. முதல் வகை தேசிய வண்டி, அதாவது பெரோடுவா அல்சா, புரோட்டோன் எக்ஸோரா மாதிரி. இரண்டாவது, வெளிநாட்டுப் பெயர் ஆனால் இங்கேயே பூட்டப்படுவது, அதாவது பாகங்களை இங்கே பொருத்தி வண்டியாக்குவது. பெக்கானில் பூட்டும் மிட்சுபிஷி எக்ஸ்பேண்டர், செரண்டாவில் பூட்டும் நிசான் செரீனா, கூலிமில் பூட்டும் கியா கார்னிவல் எல்லாம் இதில் வரும். மூன்றாவது, அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளரே முழு வண்டியாகக் கொண்டுவந்து புதிதாக விற்பது. நான்காவதுதான் ரீகோன். ஜப்பானில் யாரோ ஓட்டிய வண்டி, அங்கே ஏலத்தில் எடுத்து, கப்பலில் கிள்ளானுக்கு வந்து, இங்கே முதல்முறையாகப் பதிவாகிறது.

இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். டொயோட்டா வெலோஸ் இருக்கிறதே, அதன் மூக்கில் டொயோட்டா சின்னம் இருந்தாலும் ரவாங்கில் பெரோடுவா தொழிற்சாலையில்தான், அல்சாவோடு ஒன்றாகத் தயாராகிறது. 2022-ல் அல்சாவின் உச்ச ரகம் 75,500 வெள்ளிக்கும் வெலோஸ் 95,000 வெள்ளிக்கும் வந்தன. அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே வண்டி. சின்னத்துக்காக அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம், நான் கொடுக்கமாட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது வாங்கலாம்?

வீட்டில் ஒரே வருமானம், அல்லது இரண்டு வருமானம் இருந்தும் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு பேர் ஒன்றாகப் போவது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை என்றால் உள்ளூர் வண்டிதான், யோசிக்கவே வேண்டாம். வயதான பெற்றோர் தினமும் ஏறி இறங்குகிறார்கள், பெரியவர்களே ஆறேழு பேர் நீண்ட தூரம் போகிறீர்கள், வண்டியைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், முன்பணமும் தாராளமாக இருக்கிறது என்றால் ரீகோன் நியாயமான தேர்வு. இடையில் இருப்பவர்கள் செரீனா மாதிரி இங்கேயே பூட்டிய நடுத்தர வண்டிகளைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

இறக்குமதி வண்டி ஏன் இவ்வளவு விலை? ஜப்பானில் மலிவாமே?

மலிவுதான். இங்கே வந்து இறங்கியதும் வரி ஏறுகிறது. கலால் வரி மட்டும் வண்டி வகையையும் இஞ்சின் அளவையும் பொறுத்து 60 முதல் 105 சதவீதம் வரை போகும். அதற்கு மேல் 10 சதவீத விற்பனை வரி. எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இறக்குமதி வரியும் உண்டு. அப்புறம் ஏபி என்று எல்லோரும் சொல்லும் இறக்குமதி அனுமதி, அதற்கு 2010-லிருந்து வண்டி ஒன்றுக்கு 10,000 வெள்ளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். கப்பல் செலவு, காப்புறுதி, வியாபாரியின் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

உள்ளூர் வண்டிக்குக் கலால் வரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதற்கும் உண்டு. உள்ளூர் உதிரிபாகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சலுகை கிடைக்கிறது, அதனால் கையில் கட்டுவது குறைகிறது. இப்போதைய அல்சாவில் 95 சதவீதம் உள்ளூர்ப் பாகம் என்று பெரோடுவா சொன்னது. 2022 ஜூலையில் அது 62,500 வெள்ளியில் தொடங்கும் விலைக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாதத் தவணை எவ்வளவு வித்தியாசம் வரும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். எளிமைக்காக இரண்டுக்கும் ஆண்டு வட்டி 3 சதவீதம், முழுத் தொகைக்கும் 9 வருடத்துக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 70,000 வெள்ளி கடன் என்றால் வட்டி 18,900. மொத்தம் 88,900-ஐ 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 823 வெள்ளி. இதே 2,25,000 வெள்ளி கடன் என்றால் வட்டி மட்டுமே 60,750, மாதம் 2,646 வெள்ளி. மாதம் 1,800 வெள்ளிக்கு மேல் வித்தியாசம், ஒன்பது வருடத்துக்கு. ரீகோனுக்கு வங்கி வட்டி பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஆக நிஜ வித்தியாசம் இன்னும் பெரிது.

வட்டித் தொகையை மட்டும் தனியாகப் பாருங்கள். அந்த 60,750 வெள்ளியில் கிட்டத்தட்ட ஒரு புது அல்சாவே வந்துவிடும். தவணை கட்டிவிடலாம் என்று தோன்றினாலும், அந்தத் தவணையோடு பிள்ளையின் கல்லூரிச் செலவு எந்த வருடத்தில் வந்து மோதும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்பது வருடக் கடன் முடியும்போது அவன் பல்கலைக்கழகத்தில் இருப்பான்.

அல்சாவில் ஏழு பேர் நிஜமாகவே உட்கார முடியுமா?

முடியும், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்து. வண்டி நீளம் 4.4 மீட்டரை ஒட்டித்தான். மூன்றாவது வரிசையில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம். ஐந்தடிக்குச் சற்று மேலுள்ள பெரியவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார், ஆனால் முட்டி உயர்ந்து தொடை சீட்டில் படாது. கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு அப்படிப் போகலாம். கிள்ளானிலிருந்து அலோர் ஸ்டார் வரை போகச் சொன்னால் அது அந்த ஆளுக்குச் செய்யும் பாவம்.

இன்னொன்று, பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது பின்னால் சாமான் வைக்க இடம் மிகக் குறைவு. இரண்டு சிறு பைகள், அதோடு சரி. ஏழு பேர் இரண்டு இரவு தங்குவதற்கான துணிமணி, பலகாரத் தகர டின்கள், ரைஸ் குக்கர் எல்லாம் எங்கே போகும்? கடையில் வண்டியைப் பார்க்கும்போது மூன்றாவது சீட்டை நிமிர்த்தச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன பெட்டியை வைத்தே பாருங்கள். விற்பனையாளர் ஒன்றும் நினைக்கமாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். நான்கு பேரோடு ஊருக்குள் போதும், நெடுஞ்சாலையில் 110-ல் நிம்மதியாகப் போகும். ஏழு பேரோடு கேமரன் மலையோ கெந்திங்கோ ஏறும்போது இஞ்சின் கத்தும், வேகம் குறையும், ஆனால் ஏறிவிடும். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆறு காற்றுப்பைகள், முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வசதி, ஆசியான் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம். இந்த விலைக்கு இவ்வளவு ஒரு காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது.

அம்மாவுக்கு முட்டி வலி. ஏறி இறங்க எது சுலபம்?

இந்தக் கேள்வியை விலைக்கு முன்னால் கேட்க வேண்டும் என்பேன், ஏனென்றால் வண்டி மாறினால் அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதே மாறுகிறது.

பெரிய வண்டி என்றால் ஏறுவது கஷ்டம் என்று நினைக்கவேண்டாம், சின்ன வண்டி என்றால் சுலபம் என்றும் நினைக்கவேண்டாம். அல்சாவின் நடு வரிசை சீட் ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு வருகிறது, சேலை கட்டியவர் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அது உண்மையிலேயே நல்ல உயரம். பிரச்சினை கதவுதான். அது கீலில் திறக்கும் கதவு. கோயில் வாகன நிறுத்தத்தில் இரண்டு பக்கமும் வண்டி ஒட்டி நிற்கும்போது கதவு பாதிதான் திறக்கும், அந்த இடுக்கில் முட்டி மடங்காத ஒருவர் நுழைவது பெரிய போராட்டம்.

சறுக்குக் கதவு அந்தப் போராட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. ஆல்ஃபார்ட், வெல்ஃபயர், வோக்சி, ஸ்டெப்வேகன், செரீனா எல்லாவற்றிலும் அது உண்டு. ஆல்ஃபார்டில் கதவு ஓரத்தில் நீளமான கைப்பிடியும் தாழ்ந்த படியும் இருக்கும். அம்மா இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு கால் படி, ஒரு கால் தரை, அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடுவார். தனித்தனி நடு சீட் உள்ள வண்டி என்றால் சீட் கைதாங்கியை மடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது இடுப்பில் இடிக்கும்.

இதற்காக ஆல்ஃபார்டுக்கே போகவேண்டும் என்றில்லை. செரீனாவிலும் வோக்சியிலும் இதே சறுக்குக் கதவு, இதே நிமிர்ந்த உட்காருமிடம், வண்டி அகலம் குறைவு, விலையும் நிறையவே குறைவு. வாங்குவதற்கு முன் அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போய் மூன்று வண்டியிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் எதையும் சொல்லமாட்டார், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார். அதனால் வாயைப் பார்க்காதீர்கள், இறங்கும்போது கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்.

ரீகோன் என்றால் பழைய காடிதானே? எத்தனை வருடம் பழையது?

ஜப்பானில் முதல் பதிவாகி ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், அதுதான் விதி. ஆக 2019-ல் தயாரான வண்டி இங்கே 2022-ல் பதிவாகியிருக்கலாம். நம் கிராண்டில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றிதழில், தயாரிப்பு ஆண்டும் இருக்கும், பதிவு ஆண்டும் இருக்கும். விளம்பரத்தில் பதிவு ஆண்டைப் பெரிதாகப் போடுவார்கள். காப்புறுதிக்கும் மறுவிற்பனைக்கும் தயாரிப்பு ஆண்டுதான் பேசும்.

ஏலத்தாளை எப்படிப் படிப்பது? வியாபாரி காட்டுகிறார், முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கிறது.

ஜப்பானில் ஏலத்துக்கு வரும் வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் தாள் அது, மொழி தெரியாவிட்டாலும் பாதியைப் படித்துவிடலாம். பொதுவாக ஓரத்தில் ஒரு தர எண் இருக்கும். 5 என்றால் கிட்டத்தட்டப் புதிது, 4.5 மிக நல்லது, 4 நல்லது, 3.5 என்றால் கொஞ்சம் கீறல் நசுங்கல் உண்டு. எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரி செய்யப்பட்ட வண்டி. உட்புறத்துக்குத் தனியாக ஏ, பி, சி என்று தரம் இருக்கும்.

அப்புறம் வண்டியை மேலிருந்து விரித்தது போல ஒரு படம் இருக்கும், அதில் எழுத்தும் எண்ணும் குறித்திருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் பட்டறையில் தட்டிச் சாயம் அடித்த அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. பக்கத்தில் உள்ள எண் பெரிதாக இருந்தால் சேதமும் பெரிது. ஏ1 இரண்டு மூன்று இருந்தால் ஒன்றுமில்லை, எந்தக் குடும்ப வண்டியிலும் அது இருக்கும்.

முக்கியமாக மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். தாளில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும், தாளில் உள்ள கிலோமீட்டரும் மீட்டர் பலகையில் காட்டும் கிலோமீட்டரும், ஏற்றுமதிச் சான்றிதழில் உள்ள முதல் பதிவுத் தேதியும் வியாபாரி சொல்லும் ஆண்டும். ஜப்பானில் 80,000 ஓடியது இங்கே வந்ததும் 38,000 ஆகும் கதை புதிதல்ல. தாளின் நகலைக் கையில் கொடுக்கமாட்டேன், போனில் மட்டும் காட்டுகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். நல்ல வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கேட்காமலே அச்செடுத்துக் கொடுப்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை வண்டிகள் கூரை வரை மூழ்கின என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் உண்டு. பழைய உள்ளூர் வண்டியானாலும் ரீகோனானாலும் இதைச் செய்யுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். மேலே சுத்தமாக இருக்கும், சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி ஒரு அடியில் மண் நிறக் கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. மூன்றாவது வரிசை சீட்டின் அடியில் இரும்புத் தண்டவாளத்தைத் தொட்டுப் பாருங்கள், துரு பொடியாகக் கையில் வரக்கூடாது. ஸ்பேர் டயர் குழிக்குள் கை விட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் பனி கொட்டும் வட்டாரத்தில் ஓடிய வண்டி என்றால் சாலையில் தூவும் உப்பால் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

ரீகோன் வண்டி ரேடியோவில் மின்னல் எஃப்எம் வரவில்லையே, ஏன்?

ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76-ல் தொடங்கி 90 வரைதான் இருந்தது, பின்னர் 95 வரை நீட்டினார்கள். நம் ஊரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் 96.3, ராகா 99.3. ஜப்பானிய ரேடியோவுக்கு அவை எட்டவே எட்டாது. அலைவரிசையை மாற்றிக்கொடுக்கும் சிறு கருவி கிடைக்கும், ஆனால் ஒலி கொஞ்சம் மங்கும். ரேடியோவையே மாற்றுவதுதான் நல்லது. பல கடைகள் ஆண்ட்ராய்டு திரை போட்டுத்தான் விற்கின்றன. அதை வாங்கும் விலையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் பொத்தானும் பின் கேமராவும் அதோடு வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரல் பேசினால் பயப்படவேண்டாம். அது பெரும்பாலும் அந்த ஊர் டோல் கருவி, அட்டை இல்லை என்று சொல்கிறது. கழற்றிவிடலாம்.

எண்ணெய், ரோட்டெக்ஸ், காப்புறுதி எல்லாம் எவ்வளவு வரும்?

சாலை வரி அல்சாவுக்கு 120 வெள்ளி. 2.5 லிட்டர் ஆல்ஃபார்டுக்கு 830 வெள்ளியை ஒட்டி வரும். 3.5 லிட்டர் எடுத்தால் 2,000-ஐத் தாண்டும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். அல்சா லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் 107 லிட்டர், பெரிய வண்டி 8.5 கொடுத்தால் 176 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 என்ற அரசாங்கப் பெட்ரோல் மானியத் திட்டத்தின், லிட்டருக்கு 1.99 வெள்ளிக் கணக்கில் 213 வெள்ளிக்கும் 351 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்த விலைக்கு மாத வரம்பு உண்டு என்பதால் அதிகம் ஓட்டுபவர்கள் வரம்பைத் தாண்டியபின் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதனால் அதற்கென்று செய்த 2.0, 2.5 லிட்டர் இஞ்சின்களுக்கு நம் ரோன்95 பெட்ரோல் தாராளம்.

காப்புறுதியில்தான் கைகடிக்கும், ஏனென்றால் வண்டி மதிப்புக்கு ஏற்ப ஏறும். சந்தை மதிப்புக்கு எடுக்காமல், காப்புறுதி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்கப் பாருங்கள். ரீகோன் வண்டிக்குச் சந்தை மதிப்பு இதுதான் என்று இழப்பீட்டின்போது நடக்கும் வாக்குவாதம் மிச்சமாகும். வெள்ளப் பாதுகாப்பு தனியாகச் சேர்க்கவேண்டும், அது தானாக வராது. முன் கண்ணாடிக்கும் அப்படித்தான், சென்சார் கேமரா உள்ள கண்ணாடி விலை தெரிந்தால் நீங்களே சேர்ப்பீர்கள்.

உத்தரவாதம்?

புது அல்சாவுக்கு ஐந்து வருடம் அல்லது 1,50,000 கிலோமீட்டர். நாடு முழுக்க சேவை மையம் இருக்கிறது. ரீகோனுக்கு வியாபாரி கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் திட்டம். ஒரு முறை பழுதுக்கு இவ்வளவுதான் கொடுப்போம் என்று வரம்பு இருக்கும், சொன்ன இடத்தில் சர்வீஸ் செய்யாவிட்டால் செல்லாது. "மூன்று வருட வாரண்டி" என்ற வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு போகாமல் அந்தத் தாளைக் கேட்டு வாசியுங்கள்.

தயாரிப்பாளர் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் ரீகோனுக்கு யார் பொறுப்பு?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. தக்காத்தா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகள் வெடித்து உலகெங்கும் ஆட்கள் இறந்தார்கள், நம் நாட்டிலும் இறந்தார்கள். இங்கே புதிதாக விற்ற வண்டி என்றால் விநியோகிப்பாளரிடம் உங்கள் பெயர் இருக்கும், கடிதம் வரும். ரீகோன் வண்டியின் சொந்தக்காரர் நீங்கள் என்று அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். டொயோட்டாவின் ஜப்பான் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள வேலை தெரியும். உலாவியில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டால் போதும், ஐந்து நிமிட வேலை. பணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், நிலுவை இருந்தால் அதை முடித்துக் கொடுக்கும்படி எழுதி வாங்குங்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா?

ஆல்ஃபார்ட், வெல்ஃபயர், எஸ்டிமா, வோக்சி எல்லாம் இங்கே ஏராளமாக ஓடுவதால் வெளிப் பட்டறையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், பழைய வண்டிகளை அறுத்துப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடைகளிலும் பாகம் கிடைக்கிறது. சஸ்பென்ஷன் புஷ், சறுக்குக் கதவு மோட்டார் எல்லாம் தெரிந்த வேலை. அபூர்வமான மாடல் என்றால் கதவு விளக்கு ஒன்று உடைந்தாலும் ஜப்பானிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று யாரும் ஓட்டாத ரீகோனை வாங்காதீர்கள். எஸ்டிமா 2019-லேயே நின்றுவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஹைபிரிட் ரீகோன் எடுக்கலாமா?

பேட்டரியின் நிலையைச் சோதித்த அறிக்கை கையில் இருந்தால் எடுக்கலாம். ஜப்பானில் கொடுத்த பேட்டரி உத்தரவாதம் இங்கே செல்லும் என்று நம்பவேண்டாம். ரியர் சீட் பக்கம் பேட்டரிக்குக் காற்று உறிஞ்சும் துளை இருக்கும் மாடல்களில் அதைத் துணிமூட்டையால் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் வெயிலில் இது முக்கியம்.

பழைய எக்ஸோரா மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

2009 ஏப்ரலில் வந்தபோது எக்ஸோரா பெரிய விஷயம், மலேசியாவிலேயே உருவாக்கிய முதல் எம்பிவி, அதாவது மூன்று வரிசைக் குடும்ப வண்டி. இடம் அல்சாவைவிட அதிகம், மூன்றாவது வரிசையில் பெரியவரும் உட்காரலாம், ஓட்டமும் திடமாக இருக்கும். இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. டர்போ இஞ்சின் உள்ளதை எடுக்கும்போது தண்ணீர் மற்றும் ஆயில் கூலர் குழாய்களை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், சூடு ஏறுகிறதா என்று அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 30,000 வெள்ளிக்குள் ஏழு பேருக்கு வண்டி தேவைப்படும் குடும்பத்துக்கு, நன்றாகப் பராமரித்த எக்ஸோரா இன்றும் மரியாதையான தேர்வு.

விற்கும்போது எது விலை போகும்?

அல்சா சீராக இறங்கும், எப்போதும் வாங்க ஆள் இருக்கும். ரீகோன் விலை யென் மதிப்போடும் வரத்தோடும் ஏறி இறங்கும். யென் சரிந்தால் புதிதாக வருவது மலிவாகும், உங்கள் கையில் இருப்பதன் விலையும் அதோடு சரியும். 2023-ல் ஆல்ஃபார்டின் புதிய தலைமுறை வந்ததும் அதற்கு முந்தையதன் மவுசு குறைந்தது. மூன்று நான்கு வருடத்தில் மாற்றும் பழக்கமுள்ளவர் ரீகோன் பக்கம் போகவே வேண்டாம். கடன் பாக்கி வண்டி விலையைவிட அதிகமாக இருக்கும் நிலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

மின்சார எம்பிவி?

டென்சா டி9 மாதிரி வண்டிகள் வந்துவிட்டன, உள்ளே உட்கார்ந்தால் இறங்க மனம் வராது. ஆனால் முழுதாக இறக்குமதியாகும் மின்சார வண்டிக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31-டோடு முடிந்தது. வீட்டில் சொந்தமாகச் சார்ஜர் போட இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பத்துக்கு நான் இப்போது சொல்லமாட்டேன்.

பணம் கட்டும் நாளில் எதை மறக்கக்கூடாது?

முன்பணத்துக்குக் கடை முத்திரையோடு ரசீது வாங்குங்கள். அதில் சேசிஸ் எண், மொத்த விலை, அந்த விலையில் எதெல்லாம் அடக்கம், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்ப வரும் என்ற வரி எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம், "பரிசீலனைக் கட்டணம்" என்று கடைசி நிமிடத்தில் சேரும் தொகைகளை ஒவ்வொன்றாக எதற்கு என்று கேளுங்கள். இங்கே ஏற்கெனவே பதிவான பழைய வண்டி என்றால் பெயர் மாற்றத்துக்கு பி5, கடனுக்கு பி7 என்ற சோதனைகளை வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோமில் முடித்த தாளைப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்கவேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சீட்டையும் எடுத்துப்போங்கள். 2020 ஜனவரி 1 முதல் அது கட்டாயம், மூன்று பிள்ளைச் சீட்டுகளை மாட்டியபின் மூன்றாவது வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்பதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். சாவியை வாங்குமுன் சறுக்குக் கதவு, பின்கதவு, ஒவ்வொரு சீட்டின் பெல்ட், பின்வரிசை குளிர்சாதனம் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்குங்கள். குளிர்சாதனத்தைக் காலையில் சோதிக்காதீர்கள், மதியம் இரண்டு மணி வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.